மிளகாய் அரைத்த கை

களவு போனால் எங்கள் பக்கத்தில் அம்மன் கோயிலுக்குப் போய் மிளகாய் அரைத்து, அங்கிருக்கும் கல்லில் பூசுவார்கள். திருடியவன் உடம்பு எரியுமாம். எனக்கு அந்தக் கல் மேலும் நம்பிக்கையில்லை, பூசாரி மேலும் நம்பிக்கையில்லை. என் தங்கை வீட்டுக்காரர் செம்மலைக்கு உண்டு. தன் கிணற்று மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போனவன் பக்கத்துத் தோட்டத்து நாச்சிமுத்துதான் என்று அமாவாசை தவறாமல் வந்து அரைத்தார். நாச்சிமுத்து மாடி கட்டினான், பேரனுக்குக் காது குத்தினான். எரிந்தது என்னவோ இவர் கண்தான். கழுவியும் காரம் போகாத கையால் தேய்த்துத் தேய்த்து ஒரு கண் புண்ணாகி அவிந்தே போனது. இனி மிளகாயைத் தொட்டால் மற்றதும் போய்விடும் என்று டாக்டர் கத்தினார். தங்கை காலில் விழுந்து அழுதாள். இந்த அமாவாசைக்கும் கிளம்பிவிட்டார். தடுக்கலாம் என்று நானும் கூட வந்தேன். வழியெல்லாம் சொல்லியும் கேட்காமல் அரைத்து, விழுதை வழித்துக் கையில் எடுத்துவிட்டார்.

“போதும் மாப்பிள்ளை, ஊட்டுக்குப் போலாம் வாங்க.”

“அவன் நாசமாப் போறத என்ற கண்ணால பாக்கோணும் மச்சான்.”

“பாக்கறதுக்குக் கண்ணு வேணுமல்லங்க?”

“அதான் ஒண்ணு இருக்குதல்ல.”

நெற்றி வியர்வை அந்த ஒற்றைக் கண்ணுக்குள் வழிந்தது. துடைக்கக் கை தானாக மேலே போனது. நான் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அவர் திமிறினார். விழுது வழிந்து என் உள்ளங்கையும் எரிந்தது. நான் விடவில்லை.

கண்ணை இறுக மூடிக்கொண்டு கேட்டார்:

“எப்ப இருந்து மச்சான் நாச்சிமுத்து பக்கம் சேந்தீங்க?”