ஓடுகிறவருக்கு ஒரு ஜாக்கெட்

“இதைப் போட்டுக்கிட்டு ஓடினா அரை மணி நேரத்துல அவிச்ச கிழங்காயிடுவேன்,” என்று சொல்லி, தடித்த ஆரஞ்சு நிற ஜாக்கெட்டை அவர் மேஜைமேல் வைத்தார். மனைவி அதை எடுத்து மறுபடியும் அவர் கையிலேயே கொடுத்தாள்.

அந்த விளையாட்டுச் சாமான் கடையில் ஏழு வருடமாகக் குளிர் உடைகள் விற்கிற பெண்ணுக்கு இது பழகிப்போன காட்சி. குளிர்காலம் தொடங்கிவிட்டால் ஒரு நாளைக்கு நாலு ஜோடியாவது இப்படி வந்து மல்லுக்கு நிற்கும். ஓடுகிறவருக்கு மெல்லியது வேண்டும், கூட வந்தவருக்கு மொத்தமானது வேண்டும்.

ஆனால் இவர் சாதாரண ஆள் இல்லை. அறுபத்தெட்டு வயதிலும் கெண்டைக்கால் கயிறு முறுக்கின மாதிரி இருந்தது. நாற்பது வருடம் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுத்தவராம். இன்றைக்கும் விடிந்தால் ஓடாமல் இருக்க முடியாதாம்.

விற்பனைப் பெண் உள்ளே போய், ஓடுகிறவர்களுக்கென்றே தைத்த மெல்லிய நீல ஜாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்தாள். அவள் வாயைத் திறக்கும் முன்னே அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

“நெஞ்சுப் பக்கம் மட்டும் பஞ்சு, அக்குள்ல வலை. வேர்வை நிக்காது. இறகு அடைச்சதா இருந்தா நனைஞ்சதும் சூடு போயிடும். வாசல்ல நிக்கிறப்போ லேசா குளிரணும், அதுதான் ஓடுறவனுக்குச் சரியான உடுப்பு.”

கம்பெனிக்காரர்கள் இரண்டு நாள் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த பாடத்தை மனிதர் இரண்டு மூச்சில் முடித்துவிட்டார். விற்பனைப் பெண் அசந்துபோனாள். இனி பேச்சுக்கே இடமில்லை என்று ரசீதுப் புத்தகத்தைக்கூட எடுத்துவிட்டாள்.

“இதைப் போட்டுக்கிட்டு ஒரே இடத்துல மூணு மணி நேரம் உக்காந்திருந்தா தாங்குமா?” என்று கேட்டாள் மனைவி.

தாங்காது என்று உள்ளதைச் சொன்னாள் பெண். ஓடுகிற உடம்பின் சூட்டை நம்பித் தைத்தது இது. கால் நின்றால் பத்தே நிமிடத்தில் முதுகு சில்லிட்டுவிடும். ஆனால் ஓடப் போகிறவர் எதற்கு மூன்று மணி நேரம் உட்காரப் போகிறார் என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். இவளுக்கு எதற்கெடுத்தாலும் பயம்தான் என்று அவரும் சிரித்தார். மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

சரி, மெல்லியதைப் போட்டுக்கொண்டு, மொத்தமானதை மடித்து இடுப்பில் கட்டிக்கொள்ளலாமே என்று பெண் ஒரு வழி சொல்லிப் பார்த்தாள். மூட்டை கட்டிக்கொண்டு ஓட நான் என்ன கூரியர்காரனா என்றார் அவர். கட்டிக்கொண்டாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளத் தோன்ற வேண்டுமே என்று மனைவி முணுமுணுத்தாள்.

இரண்டு சுவர் நிறைய உடுப்பு தொங்கிக்கொண்டிருந்தது. ஓடினால் வேகாததும் உட்கார்ந்தால் விறைக்காததுமாக ஒன்றுகூட அதில் இல்லை. ஏழு வருடத்தில் முதல்முறையாக அந்தப் பெண்ணுக்குக் கை ஓடவில்லை.

அவர் நீல ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு போட்டுப் பார்க்கும் அறைக்குள் போனார். மனைவி அந்தக் கதவைவிட்டுக் கண்ணை எடுக்காமலே, ஆரஞ்சு ஜாக்கெட்டின் கையைத் தடவிக்கொண்டு நின்றாள். வாசல் கதவைப் பூட்டிப் பார்த்தாளாம். ஷூவை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துப் பார்த்தாளாம். போன வாரம் வெறுங்காலோடு ஓடிவிட்டாராம். இதையெல்லாம் யாரோ அடுத்த வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்கிற மாதிரி தணிந்த குரலில் சொன்னாள்.

இப்படியும் ஒரு ஓட்டப் பைத்தியமா என்று விற்பனைப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது. அந்த அம்மாள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

“சாருக்கு நாப்பது வருஷப் பழக்கம் மேடம். ரொம்பக் குளிரிச்சுன்னா நேரா வீட்டுக்குத் திரும்பி வந்துடப் போறார். அதுக்கு ஏன் இவ்ளோ கவலைப்படுறீங்க?”

அறைக் கதவு திறந்தது. அவர் நீல ஜாக்கெட்டில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, இருந்த இடத்திலேயே இரண்டு எட்டு ஓடிக் காட்டினார். மனைவி அவரைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று தலையாட்டிவிட்டு, பெண்ணின் பக்கம் திரும்பினாள்.

“ஓடுறது மறக்கலம்மா அவருக்கு. வீட்டுக்கு வர்ற வழிதான் மறந்துபோச்சு.”