செத்துப்போன விசுவாசம்

"டோங்காவிலேயே போன வருஷம் நம்ம சபைக் காணிக்கைதான் முதலிடம். இந்த வருஷம் பாதிகூடத் தேறல. விசுவாசம் செத்துப்போச்சு!" போதகர் மேடையைக் குத்தினார். வங்கி மேலாளர் லெசியெலி முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"காணிக்கை போட நீ கடன் குடுத்திருந்தா ஊர் முன்னாடி நான் தலைகுனிஞ்சிருப்பேனா?" பக்கத்தில் இருந்த சித்தப்பா வுனா சீறினார்.

"இந்த வருஷம் டெபாசிட்ல இன்னும் பெரிய பங்கைப் பூட்டி வைக்கச் சொல்லிருச்சு மத்திய வங்கி. மிச்சம் இருந்தாத்தானே கடன், சித்தப்பா?"

போன வருஷம் வாரம் ஒரு குடும்பம் அவளிடம் கடன் வாங்கித்தான் காணிக்கை போட்டது. திங்களன்று போதகர் அதை அவள் வங்கியிலேயே கட்டுவார். கொஞ்சம் பூட்டியதுபோக மிச்சத்தை அடுத்த குடும்பம் கடனாக வாங்கிப்போகும்.

சபைக்குத் திரும்பத் திரும்ப வந்தது ஒரே பணம். கடன் மட்டும் வீட்டுக்கு வீடு தனித்தனி.