வாசல் வெளிச்சம்

மீராசாவின் புடவைக்கடை டியூப்லைட்டுக்குக் கீழே பழுப்பும் வெள்ளையாகத் தெரியும். அது தெரிந்துதான் கல்முனைக்குடிப் பெண்கள் எந்தத் துணியையும் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் விரித்துப் பார்த்த பிறகே விலை கேட்கிறார்கள். பகல் சோறு கொண்டுவந்த அவன் மனைவி நஸீறா இன்று துணிகளைப் பார்க்கவில்லை, அவனையே பார்க்கிறாள். மீன் ஆணத்தின் குழம்பு வாசம் வந்ததும் அவன் வாயைப் பொத்துகிறான். மற்றக் கை வலது விலாவுக்குக் கீழே அழுத்துகிறது. சில நாட்களாகவே மூட்டுக்கு மூட்டு உளைச்சல், ஏறி இறங்க முடியாத அலுப்பு, சிறுநீரும் கடுந்தேயிலை நிறம்.

“வெயில் சூடு புள்ள. இளநி குடிச்சாச் சரி.”

“உங்கட தம்பிக்கு ஹெப்படைட்டிஸ் பி எண்டு ரத்தத்துல கண்டாங்க. அவர்ர றேசராலதானே நீங்களும் முகம் வழிச்சீங்க? வாசலுக்கு வாங்க.”

“என்னகா, நான் என்ன சேலையா?”

அவள் சிரிக்கவில்லை. கையைப் பிடித்து வெயிலுக்கு இழுக்கிறாள். ரோட்டில் ஆட்டோக்கள் ஹோர்ன் அடிக்கின்றன. கட்டைவிரலால் அவன் கீழிமையை இழுத்துவிட்டுக் குனிகிறாள். வாங்க வந்தவர்களின் முகத்தைப் பார்த்தே விலை சொல்லிப் பழகியவன், இப்போது அவளுடைய முகத்தைப் பார்க்கிறான்.

“மஞ்சளா?”

“ஓம். ஆஸ்பத்திரிக்குப் போவம்.”

“நாளைக்கு?”

“இப்ப.”

“பின்னேரம் அஸர் தொழுதிட்டு?”

நஸீறா இமையை விட்டுவிட்டு, ரோட்டில் போகும் ஆட்டோ ஒன்றைக் கை காட்டி நிறுத்துகிறாள். அதற்குமேல் பேரம் பேசாமல், மீராசா கடையின் ஷட்டரை இழுத்துவிடுகிறான்.