கயிறு மட்டும் மறக்காதீங்க

"இந்த டியூப்பு என்னைத் தாங்குமா?"

"லாரியையே தாங்குது. நீ இன்னா, லாரிய விட வெயிட்டா?" என்றான் பஞ்சர் கடை சகாயம்.

வேலாயுதம் டியூபை அமுக்கிப் பார்த்தான். தங்கச் சுரங்கத்துக்குள் மரமுட்டுக் கொடுப்பது அவன் வேலை. ஆயிரக்கணக்கான அடி ஆழத்துக்கு அசராமல் இறங்குகிறவனுக்கு முழங்கால் அளவு தண்ணீரைக் கண்டால் உதறல் எடுக்கும். எல்லாம் வாயால் வந்த வினை. மாமியார் வீட்டுச் சாப்பாட்டில் மைத்துனன் ராஜேந்திரன், "எங்க மாமா ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்லதான் மீன் புடிப்பாரு" என்று சொல்ல, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். இவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"வர்ற ஞாயித்துக்கெழம பேத்தமங்களா ஏரியில என் கையால மீன் புடிச்சினு வரேன். இல்லாட்டி இந்த மீசைய எடுத்துடறேன்!"

எண்ணெய் தடவி, முறுக்கிவிட்டு, பிள்ளையைப் போல வளர்த்த மீசை. மனைவி யசோதா அப்போதே தலையில் அடித்துக்கொண்டாள். அந்த ஏரித் தண்ணீரைத்தான் ஊரே குடிக்கிறது. அதில் இறங்கவும் கூடாது, மீன் பிடிக்கவும் கூடாது. அகப்பட்டால் டியூப், தூண்டில், மீன் எல்லாம் பறிபோகும்.

"டியூப்பு மட்டும் போதாது தம்பி."

சைக்கிளைப் பஞ்சருக்கு விட்டுவிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர்தான் பேசினார். பெயர் கொர்னேலியஸ் என்றார்.

"நீங்களும் சுரங்கமா? எந்த ஷாஃப்ட்டுண்ணா?"

"வைண்டிங் எஞ்சின் ஓட்டினவன். உங்கள மாதிரி ஆளுங்கள கேஜ் கூண்டுல எறக்கி, பத்திரமா மேல ஏத்தினவன். இப்ப ரிட்டையர்டு. சும்மா இருக்க முடியாம சின்னதா ஒரு வேலை. ஒக்காந்து பாக்கற வேலைதான்."

வேலாயுதத்துக்கு உடனே மரியாதை வந்துவிட்டது. மேலே ஏற்றிவிடுகிறவனை நம்பாமல் சுரங்கத்தில் யாரால் பிழைக்க முடியும்?

"அப்ப நீங்களே சொல்லுங்கண்ணா. வேற இன்னா வேணும்?"

"மொதல்ல ஒரு கோணி. டியூப்புக்கு நடுவுல இழுத்துக் கட்டினா ஒக்காரலாம். அப்பறம் செவப்புத் துணி. டியூப்பு முழுக்க சுத்துங்க."

"செவப்பு எதுக்குண்ணா?"

"கருப்பா மெதந்தா, எருமை எறங்கிடுச்சுன்னு மீனு ஓடிடும்."

சகாயம் குனிந்துகொண்டு இருமினான். சிரிப்பை அடக்குகிற இருமல். எருமை என்றது தன்னைத்தான் என்று வேலாயுதம் நினைத்துக்கொண்டான்.

"தூண்டில் கொம்புல ஒரு சைக்கிள் மணி மாட்டுங்க. மீனு கடிச்சா அடிக்கும். நல்லா சத்தமா அடிக்கற மணியா இருக்கணும்."

சகாயம் பழைய சாமான் டப்பாவைக் கவிழ்த்தான். கொர்னேலியஸ் ஒவ்வொரு மணியாக அடித்துக் காதில் வைத்துக் கேட்டு, தெருவே திரும்பிப் பார்த்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்.

"ஏரி வாட்சுமேன் காதுல வுழுந்துடாதாண்ணா? புதுசா ஒருத்தன் வந்துகிறானாமே?"

"அவனா? மத்தியானம் சாப்ட்டா செம தூக்கம். முழிச்சாலும் தண்ணில காலு வெக்க மாட்டான், அவ்ளோ பயம். போன வாரம் ரெண்டு பேரு நடு ஏரில மெதந்துக்கினே அவனுக்குக் கைய ஆட்டிட்டுப் போனானுங்க." அவர் முகம் ஒரு கணம் சுருங்கியது. "பாவம், விசில் அடிச்சு அடிச்சே வாயி வீங்கிச்சு அவனுக்கு."

வேலாயுதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"கடைசியா கயிறு" என்றார் கொர்னேலியஸ். "நல்ல நீளமா, அறாத கயிறு. ஒரு முனைய டியூப்புல கட்டுங்க. இன்னொரு முனைய கரைமேல இருக்கற புளியமரத்துல கட்டுங்க. காத்து அடிச்சா டியூப்பு எங்கயாவது இழுத்துக்கினு பூடும். கயிறு இல்லாம கேஜ் எறங்குமா? எதை மறந்தாலும் கயிறு மட்டும் மறக்காதீங்க."

எவ்வளவு நியாயமான பேச்சு! தினமும் ஒரு கயிற்றை நம்பித்தானே உயிர் கீழே போய் மேலே வருகிறது. வேலாயுதம் இருப்பதிலேயே தடித்த கயிறாக வாங்கினான். நன்றி மறவாமல் கொர்னேலியஸுக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தான்.

ஞாயிறு மதியம் ஏரிக்கரையில் ஈ காக்கை இல்லை. புளியமரத்தில் கயிற்றைக் கட்டி, முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு டியூபில் உட்கார்ந்தான். மிதந்தது! கையாலேயே துழாவி நடு ஏரிக்குப் போய்த் தூண்டிலைப் போட்டான். கொஞ்ச நேரத்தில் மணி கணகணவென்று அடித்தது. இழுத்தால், முழங்கை நீளத்துக்கு ஒரு கெண்டை!

அதைப் பைக்குள் திணித்து மடியில் வைத்துக்கொண்டு மீசையை ஆசையாக முறுக்கினான். ராஜேந்திரன் மூஞ்சியை நினைத்தால் சிரிப்பாக வந்தது.

அப்போதுதான் டியூப் தானாக நகர்வது தெரிந்தது. காற்று கரையிலிருந்து வீசிக்கொண்டிருந்தது. டியூபோ கரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தான். கயிறு விறைப்பாக நின்றது. புளியமரத்தடியில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர், துளி ஆட்டம் இல்லாமல், கேஜ் ஏற்றுகிற பக்குவத்தில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். வேலாயுதத்தின் கை தானாகவே போய் மீசையைப் பொத்திக்கொண்டது.

"நல்ல மணி தம்பி, தூக்கமே கலைஞ்சிட்டுது" என்று மீன் பையை வாங்கிக்கொண்டார், கழுத்தில் விசில் தொங்க, புது வாட்சுமேன் கொர்னேலியஸ். "தப்பா நெனச்சுக்காதீங்க, எனக்கு நீச்சல் தெரியாது, கயிறு இல்லாட்டி உங்கள நான் எப்பிடிப் புடிக்கறது?"