இடது கையைத் தூக்கினால்

கறுப்புக் கீபோர்டின் தாளம் நிற்கவே இல்லை.

பிரதாப் விரலை எடுத்துப் பார்த்தான். ஓடியது. இரண்டு கைகளையும் ஜாக்கெட் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றான். அப்போதும் ஓடியது. டிரம்ஸ், பேஸ், பின்னால் ஒரு கிட்டார். அவன் அங்கே இருப்பதைப் பற்றி அவற்றுக்குக் கவலை இல்லை.

"கைய எடுத்தாலும் விடாது தம்பி, அதான் இதுல விசேசம்," என்றார் கடைக்காரர் சுந்தரலிங்கம். "மூணு கட்டையச் சேத்து ஒரு கார்டப் புடிச்சி விட்டுட்டுப் போயி டீ குடிச்சிட்டு வரலாம்."

ஹட்டன் கடைத்தெருவில் மழை. கண்ணாடிக்கு வெளியே டயகம பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு பனிக்குள் நின்றது. கடையில் வேறு யாரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்தின் மேட்டுப் பிரிவான மேல்கணக்கில் ஒரு கல்யாணம். மழையில் பாதை உடைந்த பிறகு அங்கே வேன் ஏறுவதில்லை, ஆட்டோதான். பல தோட்டங்களில் இப்போது இதே கதை. ஒரு ஆட்டோவுக்குள் அடங்குகிற குழுவைத்தான் கூப்பிடுகிறார்கள்.

அதனால் மூன்று பேராக இருந்த குழு இரண்டு பேராகிறது. பாடுவதற்கு ஜெயந்தினி. மற்ற எல்லாவற்றுக்கும் ஒரு கீபோர்டும் அதன் முன்னால் ஓர் ஆளும். கீபோர்டு சரியாக அமையாவிட்டால் குழுவே இல்லை.

எதை வாங்குவது என்பதைப் பிரதாப்பிடமே விட்டிருந்தார்கள்.

கறுப்பில் தாளம் கனமாக விழுந்தது. வரிக்கும் வரிக்கும் இடையே டிரம்ஸை உருட்டி விடுவதற்கு ஒரு பொத்தான் இருந்தது. அமுக்கினான். நன்றாக உருட்டியது. மறுபடி அமுக்கினான். அதே உருட்டல், அதே இடத்தில் அதே சிம்பல்.

பக்கத்தில் இருந்த சாம்பல் நிறக் கீபோர்டுக்கு நகர்ந்தான்.

"இதயும் ஒரு வெரலுக்கே மாத்தித் தாங்க மொதலாளி."

"இதுலயும் ஒரு வெரலா? அது சின்னப் புள்ளைங்க பழகுறது தம்பி. கல்யாணத்துக்கு வாசிக்கிற ஆளுன்னு வேற சொல்றீங்க! சனம் சாப்பிடாமயே எந்திரிச்சுப் போயிரும்."

பிரதாப்பும் சேர்ந்து சிரித்தான்.

சாம்பலில் தாள ஸ்டைல்கள் குறைவு. பேஸ் தகரம் போல ஒலித்தது. முடிவு வரும் இடத்தில் யாரோ தடுக்கி விழுந்தது மாதிரி முடிந்தது.

ஜெயந்தினி கடைசியாகப் பாடும் பாட்டை வாய்க்குள் முனகிக்கொண்டு, மீண்டும் கறுப்பிடம் போனான்.

அவளுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் வேலை. பல வருடத் தூசு நெஞ்சில் இருக்கிறது. அந்தப் பாட்டின் மூன்றாவது வரி முடிகையில் மூச்சு தீர்ந்துவிடும். அங்கே தாளம் நின்று, அவள் மூச்சை இழுத்து முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு சேர்ந்துகொள்ளும். பாட்டே அப்படித்தான் என்று சனங்கள் நினைத்தார்கள். அந்த மௌனத்துக்குத்தான் கைதட்டினார்கள்.

மூன்றாவது வரி முடிந்ததும் முனகுவதை நிறுத்தினான். கறுப்பு நிற்கவில்லை. அவள் மூச்சைத் தேடிக்கொண்டிருக்கும்போது இது அடுத்த வரிக்குப் போய்விடும்.

கறுப்பை அணைத்தான். சாம்பலின் ஓரத்தில் ஒரு சின்னப் பொத்தான் இருந்தது. அதைப் போட்டுவிட்டு ஒரு கட்டையை அமுக்கினான். தாளம் ஓடியது. விரலைத் தூக்கினான்.

மழைச் சத்தம் மட்டும்.

மறுபடி வைத்தான். முதல் அடியிலிருந்து தொடங்கியது. தூக்கினான். காத்திருந்தது. எவ்வளவு நேரம் தூக்கியிருந்தாலும் காத்திருந்தது.

போன் அடித்தது. துஷாந்த். குழுவின் கீபோர்டுக்காரன், ஜெயந்தினியின் கணவன்.

"கறுப்பத்தானே எடுக்கிற மச்சான்? சவுண்டு சும்மா அதிருமாமே."

"இல்ல, சாம்பல்." ஒரு கையில் போனும் மறு கை விரல் கட்டையிலுமாக, தாளம் ஓட ஓடவே பிரதாப் பேசினான். "கடைசிப் பாட்டுல மூணாவது வரி முடியிற எடத்துல எடது கையத் தூக்கிரு. தாளம் நின்னுரும். அவ மூச்ச இழுத்து முடிக்கட்டும். அவசரப்படாத. மொகத்தப் பாத்தா தெரியாது, தோளப் பாரு. தோள் எறங்கும். அப்ப கைய வையி."

அந்தப் பக்கம் துஷாந்த் அந்த வரியை முனகிப் பார்த்தான்.

"அந்த எடத்துல நிக்கிறாளா? நான் கவனிச்சதே இல்லயே மச்சான்."

"இனிமே கவனி," என்று சொல்லிப் போனை வைத்தான்.

சுந்தரலிங்கம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"அப்ப நீங்க என்ன வாசிக்கிறீங்க தம்பி?"

"டிரம்ஸுங்க."

அவர் அவசரமாகக் கையை நீட்டி, பிரதாப்பின் விரலடியில் ஓடிக்கொண்டிருந்த சாம்பல் கீபோர்டின் சத்தத்தைக் குறைக்கப் போனார்.

"இருக்கட்டும் மொதலாளி," என்றான் பிரதாப். "உள்ள இருக்கிற டிரம்ஸ்காரன் நல்லாத்தான் வாசிக்கிறான்."