முப்பத்திரண்டு முட்டை

"நாற்பது கேள்வி, முப்பத்திரண்டு பிள்ளைங்க. ஒருத்தர் விடாம முட்டை! வருஷம் முழுக்க என்னம்மா நடத்தினீங்க?"

தலைமையாசிரியர் போட்ட சத்தத்தில் மேஜை மேலிருந்த உலக உருண்டை லேசாகச் சுற்றியது.

கணக்கு டீச்சர் தலை குனிந்து நின்றிருந்தார். "நல்லாத்தான் சார் நடத்தினேன். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாக்கூடச் சரியாச் சொல்லுவாங்க."

"அப்போ தூக்கத்துலயே பரீட்சை வெச்சிருக்கணும்! சுற்றறிக்கை படிச்சீங்கல்ல? கல்வித் தரம் ஏறினாத்தான் நாட்டோட பொருளாதாரம் ஏறுமாம். நாடே ஏணி வெச்சு ஏறிக்கிட்டிருக்கு. உங்க வகுப்பு கீழே நின்னு ஏணியை உருவுது!"

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏணியைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது என்பதுதான் கவலை.

கல்வித் துறைத் தலைமை அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு வந்திருந்த அதிகாரி ஓரமாக உட்கார்ந்து விடைத்தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். டீச்சரை வேலையில் வைப்பதா, தூக்குவதா என்று சாயங்காலத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டியவர் அவர்தான்.

"ஒவ்வொரு கேள்விக்கும் நாலு விடை கொடுத்து, ஒண்ணுல டிக் போடச் சொன்ன பரீட்சைதானே இது?"

"ஆமா சார்."

"கண்ணை மூடிக்கிட்டு டிக் போட்டாலே பத்து மார்க் தேறுமே?"

தலைமையாசிரியர் பெருமூச்சு விட்டார். "அதுக்குக்கூட லாயக்கில்லைங்க சார் இதுங்க."

"நான் அந்த வகுப்பைப் பார்க்கணும். தனியா."

அதிகாரி உள்ளே நுழைந்ததும் முப்பத்திரண்டு பேரும் எழுந்து நின்றார்கள். முகத்தில் அப்படி ஓர் அப்பாவித்தனம். இவ்வளவு அப்பாவியாக இருந்தாலே ஏதோ செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

"பதினாறைப் பதினாறால பெருக்கினா எவ்வளவு?"

"முப்பத்திரண்டு சார்!" என்றது முதல் பெஞ்ச்.

"ஆயிரம் சார்!" என்றது நடு பெஞ்ச்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குண்டுப் பையன் மெதுவாக எழுந்தான். "எனக்கும் தெரியாது சார். ஆனா இருநூத்தி ஐம்பத்தாறு மட்டும் இல்லை சார்."

மொத்த வகுப்பும் திரும்பி அவனை முறைத்தது. பக்கத்திலிருந்தவன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான்.

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டார். "வகுப்புத் தலைவர் யாரு?"

இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் எழுந்தாள்.

"நாற்பதும் தப்பா எழுதணும்னா, நாற்பதுக்கும் சரியான விடை தெரிஞ்சிருக்கணும். யாரும்மா போட்ட திட்டம் இது?"

"நான்தான் சார். சரியான விடையைக் கண்டுபிடிச்சு, அதை மட்டும் விட்டுடணும்னு சொன்னேன். ரெண்டு தடவை சரிபார்க்கவும் சொன்னேன்."

"இதனால உங்க டீச்சருக்கு வேலையே போகப்போகுது, தெரியுமா?"

அவள் முகம் அப்படியே வாடிவிட்டது. "ஐயோ, வேண்டாம் சார்! டீச்சர் போகக் கூடாதுன்னுதானே சார் இப்படிப் பண்ணினோம்!"

"புரியலையே."

"அதிக மார்க் வாங்கற வகுப்போட டீச்சரைத் தலைமை அலுவலகத்துக்குக் கூப்பிட்டுக்குவாங்கன்னு சுற்றறிக்கையில இருந்தது சார். போன வருஷம் அறிவியல் டீச்சரை அப்படித்தான் கூட்டிட்டுப் போனாங்க."

"இப்போ அறிவியல் யாரு நடத்தறா?"

"விளையாட்டு வாத்தியார் சார். சுவாசம் பாடத்துக்கு மைதானத்தை நாலு சுத்து ஓட விட்டார். ஒளி பாடத்துக்கு வெயில்ல நிக்க வெச்சார்."

"அடுத்தது மின்சாரம் சார்" என்றான் குண்டுப் பையன் பயத்தோடு.

அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

இரட்டைச் சடை விடவில்லை. "நல்ல டீச்சருங்களை எல்லாம் கூட்டிட்டுப் போய் அங்கே என்ன சார் பண்ணச் சொல்லுவீங்க?"

"அறிக்கை எழுதச் சொல்லுவோம்."

"எதைப் பத்தி சார்?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"பள்ளிக்கூடங்கள்ல நல்ல டீச்சர் ஏன் இல்லைங்கறதைப் பத்தி."

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

தலைமையாசிரியர் அறைக்குத் திரும்பியதும் அதிகாரி மளமளவென்று எழுதி நீட்டினார்.

'தலைமை அலுவலகப் பதவிக்கு இந்த ஆசிரியைக்கு அறவே தகுதி இல்லை. இனி எந்தக் காலத்திலும் இவரை அங்கே அழைக்கக் கூடாது. ஓய்வு பெறும்வரை இதே பள்ளியில் கணக்கு நடத்த வேண்டும்.'

"சரியான தண்டனை சார்!" என்று தலைமையாசிரியர் கை தட்டாத குறை.

டீச்சருக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. வேலை போகவில்லை என்பது மட்டும் புரிந்தது. அதுவே போதும் என்று வகுப்பைப் பார்த்து ஓடினார்.

"இன்னொரு பேப்பர் குடுங்க சார்" என்றார் அதிகாரி. "இன்னொருத்தருக்கும் தண்டனை எழுதணும்."

"இன்னொருத்தரா? யாரு சார்?"

"ஒன்பது வருஷமா அறிக்கையா எழுதித் தள்ளியிருக்கார். அதனால நாட்டோட பொருளாதாரம் ஒரு படிகூட ஏறலை. அந்த ஆளை இங்கே அறிவியல் வாத்தியாராப் போடறேன்."

"ஐயையோ! ஏற்கெனவே முப்பத்திரண்டு முட்டை. அந்த மாதிரி உதவாக்கரையை எங்க தலையிலயா கட்டறீங்க?"

அதிகாரி கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடினார்.

"நாளைக்கு முதல் பீரியடை எனக்குக் குடுத்துடுங்க சார். மின்சாரத்தை நானே நடத்திடறேன்."