கொட்டகை ஜன்னல்

அந்த நார்வே கிராமத்தில் யார் வீட்டுக் கிறிஸ்துமஸ் பீரைக் குடித்தாலும், "நல்லாத்தான் இருக்கு, ஆனா எய்லிஃப் பீர் மாதிரி வராது" என்பார்கள். ஹால்வருக்கு வயிறு எரியும். இந்த வருஷம் அவன் காய்ச்சியதைக் குடித்துவிட்டு அவன் மனைவி ராக்னில்கூட அப்படிச் சொல்லிவிட்டாள்.

பக்கத்து வீட்டு எய்லிஃப் பீரைக் காய்ச்சி வைத்த கையோடு கால் முறிந்து கட்டிலில் கிடந்தான். ஹால்வர் பின்பக்கமாகப் போய், அவனுடைய பீர் கொட்டகையின் ஜன்னலை அகலத் திறந்துவிட்டு வந்தான். துப்பினால் எச்சில் உறையும் குளிர். 'பீப்பாயோட பாறையாப் போகட்டும்!'

பண்டிகைக்கு முன்பு ஊரே ருசி பார்க்க எய்லிஃப் வீட்டில் கூடியது. ராக்னில் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். "அடேயப்பா! போன வருஷத்தை விடத் தூக்கலா இருக்கே!"

"ஏன், உறையலையா?" ஹால்வர் வாய்தவறிக் கேட்டுவிட்டான்.

"உறையாம என்ன?" என்று சிரித்தான் எய்லிஃப். "ஒரு வருஷம் தெரியாம உறைஞ்சு போச்சு. ஐஸான தண்ணியை அள்ளிக் கொட்டிட்டு, உறையாத மிச்சத்தைக் குடிச்சா, ஜிவ்வுன்னு ஏறிச்சு! அதுல இருந்து வருஷா வருஷம் நானேதான் ஜன்னலைத் திறந்து வைப்பேன். இந்தத் தடவை இந்தக் காலை வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு கவலையா இருந்துச்சு."

தலையணைக்கு அடியிலிருந்து ஒரு கம்பளிக் கையுறையை எடுத்து நீட்டினான்.

"ஜன்னல் கொக்கியில மாட்டியிருந்துச்சாம். உன்னோடதுதானே? அடுத்த வருஷமும் மறக்காம வந்துடுப்பா."